ஃபீட்ராவில் சுருதி கலையும் இடம்

டேஞ்சரின் ட்ரீம் என்ற ஜெர்மன் மின்னணு இசைக் குழுவின் ‘ஃபீட்ரா’ இசைத்தட்டைப் போட்டுக் காட்டினால் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, பாட்டு எப்போது தொடங்கும் என்பதுதான். கேட்பதில் பிழையில்லை. இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, 17 நிமிடத்துக்குக் கிட்ட ஓடும். பாடகர் இல்லை, டிரம்ஸ் இல்லை, பல்லவி என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எங்கிருந்தோ காற்று மாதிரி ஒரு இரைச்சல் வருகிறது, அதற்கு அடியிலிருந்து தடித்த கீழ்ச்சுரங்கள் கொஞ்சங்கொஞ்சமாக மேலே வந்து ஓடத் தொடங்குகின்றன. அப்புறம் அந்த ஓட்டம்தான் எல்லாம்.

மின்னணு இசை என்றால் ஆளில்லாத இசை, பொத்தானை அழுத்தினால் தானாக வரும் என்று எங்கள் ஆட்களில் நிறையப் பேர் இன்னும் சொல்கிறார்கள். கொழும்பில் கச்சேரிக்குப் போகிறவர்கள், சங்கீதம் தெரிந்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் இந்தத் தட்டைத்தான் கொடுப்பேன். ஏனென்றால் இதில் ஒரு இடம் வருகிறது, கருவிக்குச் சுருதி நிற்கவில்லை, கலைந்து போகிறது, அதை வாசிக்கிற மூன்று பேரும் கேட்கிறார்கள், கேட்டுக்கொண்டே அதற்கேற்ற மாதிரி இசையைத் திருப்புகிறார்கள். என்னைப் பொறுத்தவரை ஃபீட்ராவின் உயிர் அந்த இடத்தில் இருக்கிறது.

யார் இவர்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்கர் ஃப்ரோசே 1967இல் மேற்கு பெர்லினில் தொடங்கிய குழு இது. ஆட்கள் வந்து வந்து போனார்கள். ஃபீட்ரா செய்த நேரத்தில் ஃப்ரோசே, கிறிஸ்டோபர் ஃப்ராங்கே, பீட்டர் பவுமான் என்று மூன்று பேர். அதற்கு முன் ஜெர்மனியில் நான்கு இசைத்தட்டுகள் வெளியிட்டிருந்தார்கள். நான்காவதான ‘ஆட்டெம்’ஐ பிரிட்டிஷ் வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் 1973இன் சிறந்த இசைத்தட்டாகத் தேர்ந்தெடுக்க, அப்போதுதான் தொடங்கியிருந்த வர்ஜின் நிறுவனம் இவர்களை ஒப்பந்தம் செய்தது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஒரு கிராமத்து மாளிகையை ஒலிப்பதிவுக் கூடமாக்கி வைத்திருந்தது அந்த நிறுவனம். மேனர் என்று பெயர். 1973 கடைசியில் அங்கேதான் ஃபீட்ரா பதிவானது. 1974 பெப்ரவரி 20இல் வெளிவந்து பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 15ஆம் இடம் வரை போனது. சொற்களே இல்லாத, 17 நிமிடத் துண்டோடு தொடங்குகிற ஒரு தட்டு!

சரி, அந்த ஓட்டம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்க்கவேண்டும், அது தெரிந்தால் கேட்கிற விதமே மாறிவிடும். ஃப்ராங்கே வைத்திருந்தது மோக் நிறுவனத்தின் பெரிய சின்தசைசர், மின்சாரத்திலிருந்து ஒலியை உண்டாக்குகிற கருவி. அலமாரி அளவு, முன்பக்கம் முழுக்க குமிழ்களும் வயர்களும். அதோடு சேர்ந்தது சீக்வென்சர் என்ற பகுதி. மோக்கின் சீக்வென்சரில் ஒரு வரிசைக்கு எட்டுக் குமிழ்கள், அப்படி மூன்று வரிசைகள். ஒவ்வொரு குமிழும் ஒரு மின்னழுத்தத்தை அனுப்பும், அந்த மின்னழுத்தம் ஒரு சுரமாகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரை போய்த் திரும்ப ஒன்றுக்கு வரும், நிறுத்தும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். இதுவரை கேட்டால் பொத்தான் இசை மாதிரித்தான் தெரியும். ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு குமிழைக் கொஞ்சம் திருப்பினால் அடுத்த சுற்றில் அந்த ஒரு சுரம் மட்டும் வேறாகி வரும். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், முழு வரிசையையும் மேலே தூக்கலாம், ஒலியின் மூடியைத் திறந்து வெளிச்சமாக்கலாம், மூடி இருட்டாக்கலாம். எல்லாம் கையால், ஓடுகிற ஓட்டத்திலேயே.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஃப்ராங்கே அடிப்படையில் டிரம்ஸ் வாசிக்கிறவர். இந்தக் குழுவுக்கு வந்ததும் டிரம்ஸ்காரராகத்தான். ஃபீட்ராவில் டிரம்ஸே இல்லை, ஆனால் அந்த எட்டுக் குமிழ்களையும் ஒரு தாளக்காரரின் காதுதான் திருப்புகிறது. எந்தச் சுரம் அழுந்தவேண்டும், எது சும்மா உரசிக்கொண்டு போகவேண்டும் என்ற கணக்கு கேட்கும்போதே புரியும். முதல் ஐந்து நிமிடங்களில் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் கீழ்ஓட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள், அது ஒருபோதும் அச்சடித்ததுபோல ஒரே மாதிரி இருக்காது.

இனி சுருதிக்கு வருகிறேன்.

அந்தக்கால மோக்கில் ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும், அதுதான் கணக்கு. ஒரு ஸ்தாயிக்குள் 12 அரைச்சுரங்கள், ஆக ஒரு அரைச்சுரம் என்பது ஒரு வோல்ட்டில் 12இல் ஒரு பங்கு, 83 மில்லிவோல்ட் அளவு. காது அந்த அரைச்சுரத்திலும் சிறிய பகுதி விலகினாலே கண்டுபிடித்துவிடும். அப்படியானால் சில மில்லிவோல்ட் பிசகினாலே சுருதி போய்விடும். இந்த மின்னழுத்தத்தைச் சுரமாக மாற்றுகிற சுற்றில் இருப்பவை டிரான்சிஸ்டர்கள், டிரான்சிஸ்டரின் குணம் சூட்டோடு மாறும். கருவியைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் உள்ளே சூடேறும், சூடேற ஏறச் சுரங்கள் இருந்த இடத்திலிருந்து நகரும். எல்லாம் ஒரே அளவில் நகர்ந்தாலாவது பரவாயில்லை. ஒலியை உண்டாக்குகிற ஆஸிலேட்டர் என்ற சுற்று ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு நகரும்.

ஃபீட்ராவின் முதல் பக்கத்தில் இதுதான் நடந்தது. அடிப்படையில் அது மேனரில் அந்த நேரத்தில் மனதில் வந்ததை வாசித்துப் பதிந்த உருப்படி. வாசிக்க வாசிக்கக் கருவி சூடாகி ஆஸிலேட்டர்கள் சுருதி விலகத் தொடங்கின, பிற்பகுதியில் இசை மாறிப்போகிறதற்கு அதுவும் ஒரு காரணம். பாதி தாண்டியபிறகு கவனியுங்கள். அதுவரை உறுதியாக ஓடிய கீழ்ச்சுரங்கள் தளும்பத் தொடங்கும். ஒன்றோடொன்று உரசும், குழையும், பிறகு ஓட்டமே கலைந்து ஒரு பெரிய வெளி திறக்கும். அந்த வெளியில் மெலட்ரான் என்ற கட்டை வாத்தியத்தின் வயலின் போன்ற ஒலிகள் மெல்ல வந்து நிற்கும். முதல்முறை கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது, எதனால் என்று அப்போது தெரியாது. இன்றைய மென்பொருள் சின்தசைசர்களில் இந்தத் தளும்பலைச் செயற்கையாகச் சேர்ப்பதற்கென்றே ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள். அப்படிச் சேர்த்தது என்னை அசைப்பதில்லை. ஃபீட்ராவில் தளும்பலைக் காட்டிலும் தளும்பியபோது அந்த மூன்று பேர் என்ன செய்தார்கள் என்பதுதான் பெரிது. நிறுத்தி, சுருதி சேர்த்து, மறுபடி முதலிலிருந்து எடுத்திருக்கலாம். அதை அப்படியே தட்டில் வைத்தார்கள்.

எனக்குத் தெரிந்த மிருதங்க ஆசிரியர் ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், யாழ்ப்பாணத்து ஆள், வயதில் என்னைவிட மிக மூத்தவர் என்றாலும் எல்லாருக்கும் அவர் அண்ணாதான். கொழும்புக் கடற்காற்றில் தோல் வாத்தியம் வைத்திருக்கிற கஷ்டம் அவரிடம் கேட்டால் தெரியும். மழைக்காலத்தில் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், தளர்ந்து சுருதி இறங்கும், ஏசி போட்ட மண்டபத்துக்குள் கொண்டுபோனால் இறுகி ஏறும், கச்சேரி நடுவில் கல்லை எடுத்துத் தட்டித் தட்டிச் சேர்க்கவேண்டும். ஒருநாள் அவருக்கு ஹெட்போனைக் கொடுத்து முதல் பக்கத்தைப் போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. முதல் பத்து நிமிடமும் கண்ணை மூடியபடி இருந்தார். அந்த இடம் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

“உதென்ன தம்பி, சுருதி இறங்குது?”

“ஓமண்ணா. மெஷின் சூடாகினதால அப்பிடி.”

“ஆரும் நிப்பாட்டேல்லையோ?”

“இல்லை அண்ணா, அப்பிடியே வாசிச்சிருக்கினம்.”

முடியும்வரை கேட்டார். பிறகு “அந்த இடத்தைத் திரும்பப் போடும்” என்றார். போட்டேன். “கீழ இறங்கேக்க மேல இருக்கிறவர் அவசரப்படேல்ல, இடம் விட்டு நிக்கிறார். காது இருக்கு அவருக்கு” என்றார். அவ்வளவுதான். இந்தத் தட்டைப் பற்றி நான் வாசித்த விமர்சனங்கள் எதிலும் இல்லாத ஒன்றை, சின்தசைசர் என்றால் என்னவென்று அக்கறையே இல்லாத ஒருவர் சொன்னார்.

இதை வைத்து, பார்த்தீர்களா இதுவும் எங்கள் ஆலாபனை மாதிரித்தான் என்று சொல்லப் பலருக்கு ஆசை வரும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். வீட்டில் அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரம் ஓடுகிறதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு நீண்ட நேரம் பொறுத்திருந்து கேட்கிற பழக்கம் இருக்கும், அது உதவும், உண்மைதான். தாளம் வருமுன்னே இசை வந்துவிட்டது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் ஆலாபனையில் ஒருவர் முன்னால் போகிறார், ராகம் என்ற பாதை இருக்கிறது, அடுத்து எந்தச் சுரத்தில் நிற்கப் போகிறார் என்று நாங்களும் மனதுக்குள் கூடப் போகிறோம். ஃபீட்ராவில் முன்னால் போக ஆளே இல்லை. எட்டுக் குமிழ்கள் சுற்றிக்கொண்டு நிற்க, மூன்று பேர் அதைச் சுற்றி நிற்கிறார்கள். சுரம் எங்கே போகும் என்பதைவிட, ஒலியின் நிறம் எப்படி மாறும் என்பதைத்தான் காது எதிர்பார்க்கவேண்டும். அந்த எதிர்பார்ப்பைப் பழக்கிக்கொள்ளக் கொஞ்சம் காலம் எடுக்கும், எடுக்கட்டும்.

மேனரில் அவர்கள் பட்ட பாட்டையும் ஃப்ரோசே பிறகு சொல்லியிருக்கிறார். காலை 11 மணிக்குத் தொடங்கி இரவு 2 மணிவரை தினமும் வேலை. 11ஆவது நாள் வந்தும் நாடாவில் ஆறு நிமிட இசைகூடச் சரியாகச் சேரவில்லை. ஒலிப்பதிவு இயந்திரம் பழுதானது, மிக்ஸிங் பலகை திரும்பத் திரும்ப மக்கர் பண்ணியது, கீழ்ச்சுரங்கள் வழக்கத்துக்கு மாறாக ஆழமாக இருந்ததால் ஸ்பீக்கர்கள் சேதமாயின. கருவியைச் சுருதி சேர்க்கவே தினமும் சில மணித்தியாலங்கள் போயினவாம், செய்ததைச் சேமித்து வைக்கிற நினைவகம் எதுவும் அந்தக் கருவிகளில் அப்போது கிடையாது. இன்று காலை கண்டுபிடித்த ஒலியை நாளை திரும்ப எடுக்கமுடியாது என்ற நிலை. இதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது அந்த முதல் பக்கத்தின் நிதானம் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. இவ்வளவு இழுபறிக்குள் இருந்தவர்கள் இவ்வளவு பொறுமையாக வாசித்திருக்கிறார்கள்.

இரண்டாம் பக்கம் திருப்பினால் ‘மிஸ்டீரியஸ் செம்பிளன்ஸ் அட் த ஸ்ட்ராண்ட் ஆஃப் நைட்மேர்ஸ்’. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும், சீக்வென்சர் இல்லை, ஓட்டம் இல்லை. ஃப்ரோசே தனியே வாசித்தது. மற்ற இருவரும் நீண்ட வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருக்க, மனைவி மோனிகாவைக் கூடத்துக்குள் அழைத்து, ஒலியைச் சுழலவைக்கிற ஃபேசிங் கருவியின் குமிழ்களை அவர் திருப்ப, இவர் மெலட்ரானை வாசித்துப் பதிந்திருக்கிறார்.

மெலட்ரான் ஒரு விசித்திரமான கருவி, பார்க்க ஆர்கன் மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ஒலிநாடாத் துண்டு. அதில் உண்மையான வயலின்காரர்கள் வாசித்த ஒரு சுரம் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் அந்த நாடா ஓடும், கையை எடுத்தால் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். நாடாவின் நீளம் எட்டு விநாடிக்குத்தான் போதும். அதற்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் ஒலி நின்றுவிடும். ஆக எட்டு விநாடிக்குள் கையை எடுத்து மறுபடி வைக்கவேண்டும், அல்லது வேறு சுரத்துக்குப் போகவேண்டும். கருவியின் இந்தக் குறையால் அந்தப் பத்து நிமிடத்துக்கும் மூச்சு வந்திருக்கிறது. ஒலி எழும், நிறையும், தேயும், மறுபடி எழும். அதைத்தான் மோனிகாவின் கை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சுழற்றிக்கொண்டே போகிறது. இசைத்தட்டு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்தது இந்தப் பத்து நிமிடம்தான் என்று சில நாட்களில் சொல்வேன். முதல் பக்கம் பெரிய வேலை, மறுக்கவில்லை. ஆனால் துக்கம் இருக்கும் நாளில் நான் போடுவது இதைத்தான். இதில் ஆறுதல் சொல்கிற ஒரு இடமும் இல்லை, அப்படியிருந்தும் கேட்டு முடிக்கும்போது மனது கொஞ்சம் இறங்கி உட்கார்ந்திருக்கும்.

அடுத்து வரும் ‘மூவ்மென்ட்ஸ் ஆஃப் எ விஷனரி’ எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. தொடக்கத்தில் வருகிற நீர்க்குமிழி போன்ற சத்தங்கள் நன்றாக இருக்கின்றன, பிறகு முதல் பக்கத்தில் சொன்னதையே சிறிய குரலில் சொல்கிற மாதிரி ஒரு உணர்வு. கடைசியில் ‘சீக்வென்ட் சி’, இரண்டு நிமிடம் சொச்சம். பவுமான் புல்லாங்குழல் வாசிக்கிறார், எக்கோ அதை அடுக்கி அடுக்கிப் பின்னால் கொண்டுபோகிறது. 35 நிமிடம் மின்சாரத்தையே கேட்டபிறகு ஒரு மனிதர் குழலுக்குள் ஊதுகிற காற்று வருகிறது பாருங்கள், அதைக் கடைசியில் வைக்கத் தோன்றியதே பெரிய காரியம்.

இந்தத் தட்டு வந்த 1974இல் இங்கே இலங்கையில் என்ன நிலை என்று யோசிப்பதுண்டு. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். சாப்பாட்டுச் சாமானுக்கே வரிசையில் நின்ற ஆட்களுக்கு இப்படியொரு இசைத்தட்டு கையில் கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்து கசெட் பிளேயர்கள் வீடு வீடாக வந்தன, றெக்கோடிங் பார்கள் வந்தன, எழுதிக் கொடுத்தால் வேண்டிய பாட்டுகளை ஒரு கசெட்டில் பதிந்து தருவார்கள். அந்தப் பட்டியல்களில் சினிமாப் பாட்டு இருந்தது, பக்திப் பாட்டு இருந்தது, மேற்கத்தைய பொப் இருந்தது. சின்தசைசர் என்ற கருவி எங்கள் காதுக்குப் பழக்கமானது எண்பதுகளின் தமிழ்ப் படப் பாட்டுகள் வழியாகத்தான். அங்கே அது மூன்று, நான்கு நிமிடத்துக்குள் அடங்கி, பாடுகிறவருக்குப் பின்னால் நின்று வேலை செய்கிற கருவி. அதனால்தான் தனியே நிற்கிற மின்னணு இசையைக் கேட்டதும் பாட்டு எப்போது தொடங்கும் என்று கேட்கிறோம் என்று நினைக்கிறேன். ரசனைக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வராது. கேட்கக் கிடைக்கவில்லை, அதுதான் காரணம்.

இப்போது கிடைக்கிறது, போனில் தேடினால் உடனே வரும். ஆனால் எப்படிக் கேட்பது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். நான் இருப்பது வெள்ளவத்தையில், ஒரு பக்கம் காலி வீதி பஸ்கள், மறுபக்கம் கடற்கரை ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ஸ்பீக்கரில் மெல்லிய சத்தத்தில் போட்டால் மெலட்ரானின் பாதி கடல் இரைச்சலோடு போய்விடும். போனின் சொந்த ஸ்பீக்கரில் கேட்கவே வேண்டாம். அந்தச் சின்ன ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் தராது, ஃபீட்ராவின் கீழ்ஓட்டத்தின் உடம்பு அங்கேதான் இருக்கிறது. அப்படிக் கேட்டுவிட்டு ஒன்றுமில்லை என்றால் உண்மையிலேயே நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. காதை மூடுகிற ஹெட்போன் போதும், விலை உயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை. ஷஃபிளை நிறுத்திவையுங்கள். முதல் உருப்படி முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு அடுத்ததைப் போடுங்கள், தட்டைத் திருப்பிப் போடுகிற அந்த இடைவெளியை மனதில் வைத்துச் செய்த இசை இது. பஸ்ஸில் கேட்பவர்கள் இருக்கிறார்கள், நானும் பம்பலப்பிட்டி நெரிசலுக்குள் கேட்டிருக்கிறேன், முதல் பக்கம் தாங்கும், மெலட்ரான் துண்டு தாங்காது.

பிடித்துவிட்டால் அடுத்தது அதே மூவர் 1975இல் செய்த ‘ருபிகோன்’. இரண்டே உருப்படி, பக்கத்துக்கு ஒன்று. அங்கே சீக்வென்சர் அவர்கள் கைக்கு முழுமையாக வந்துவிட்டது, ஓட்டம் இறுக்கமாகவும் நுட்பமாகவும் இருக்கும். இரண்டிலும் அதுதான் உயர்ந்தது என்பவர்கள் நிறையப் பேர், அவர்கள் சொல்லும் காரணங்களும் நியாயமானவை. எனக்கு ஃபீட்ராதான். அதற்கப்புறம் கிளாவுஸ் ஷுல்ட்செவின் ‘டைம்விண்ட்’, அதுவும் 1975, டேஞ்சரின் ட்ரீமின் முதல் தட்டில் டிரம்ஸ் வாசித்துவிட்டு விலகிப்போனவர் தனியாளாகச் செய்தது. இங்கேயும் பாருங்கள், தாளக்காரர்தான் சீக்வென்சருக்குப் போயிருக்கிறார்.

ஒரு ஆசை இருக்கிறது. 1974 டிசம்பரில் இந்த மூவரும் பிரான்ஸில் ரெய்ம்ஸ் பேராலயத்தில் வாசித்தபோது உள்ளே கொள்ளாத அளவு சனம் வந்ததாம். அவ்வளவு வேண்டாம். கொழும்பில் ஒரு சின்ன மண்டபம், நல்ல ஸ்பீக்கர் இரண்டு, விருப்பமுள்ள இருபது பேர், ஃபீட்ரா முழுவதும் ஒரே இருப்பில், முடிந்ததும் தேநீர், கதை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அப்படி ஒரு இடம் தரக்கூடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், ஸ்பீக்கரை நான் கொண்டுவருகிறேன். மிருதங்க அண்ணாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.